மேட்ரன் பசுவை விற்றவள்

அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பாள். சண்டைகூடப் பரவாயில்லை, வந்த இடத்தில் நாலு நாள் தங்குவாள். அவள் தங்கினால் வீட்டில் ஒருத்தரும் உட்கார்ந்த இடத்தில் காபி குடிக்க முடியாது. என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சுகத்தில் இருப்பவர். அவர் பிழைத்துப் போகட்டும் என்றுதான் பெயரை விட்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் ஒரு ஆஸ்பத்திரியை ஒட்டி நர்ஸ் படிப்புக்கான பள்ளி இருந்தது. நாங்கள் அதைக் காலேஜ் என்றுதான் சொல்வோம். கடிதத்தில் காலேஜ் என்று எழுதினால்தான் ஊரில் அப்பாக்கள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். எதிரே ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் வார்டு முழுக்கப் பாயச வாசனை வரும், கஞ்சி குடிக்கிற நோயாளிகள் எங்களை முறைப்பார்கள். காற்று திரும்பினால் பினாயில்தான்.

நான் தேவாரம் பக்கம், விவசாயக் குடும்பம். அவள் போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்தில் கூலிவேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண். சேர்ந்த அன்றைக்கு லோடு ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்து, தகரப் பெட்டியோடு குதித்து இறங்கினாள். பார்க்கப் பாவமாக இருந்தது. "பெட்டிய ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று ஓடினேன்.

"எதுக்கு? எனக்குக் கை இல்லையா?" என்றாள்.

சரியான திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டில் சாம்பார் வாளி அவள் பக்கம் இருந்தது. "அதக் கொஞ்சம் தள்ளுடி" என்றேன். பாதி தூரம் தள்ளினாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"மிச்சம்?"

"மிச்சத்துக்கு நீ வா."

மூன்று வருடம் நான் பாதி வாளியோடுதான் வாழ்ந்தேன். யாருக்கும் எதையும் முழுசாக எடுத்துக் கொடுக்க மாட்டாள். அடுத்தவர் தனக்கு எடுத்துக் கொடுக்கவும் விடமாட்டாள். வேறு எந்தப் படிப்புக்குப் போயிருந்தாலும் இந்தக் குணத்தோடு ஜோராக முன்னுக்கு வந்திருப்பாள். எந்த நேரத்தில் எந்தப் புண்ணியவான் சொன்னானோ, நர்ஸ் படிப்புக்கு வந்து தொலைத்தாள்.

முதல் வருடம் எங்களுக்குள்ளேயே ஒருத்தி நோயாளியாகப் படுக்க, இன்னொருத்தி நர்ஸாக நின்று பழக வேண்டும். எனக்கு இவள் வாய்த்தாள். நான் கை கால் அசைக்க முடியாத நோயாளி. அவள் எனக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். மேட்ரன் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவள் கிண்ணத்தை என் நெஞ்சில் வைத்து, ஸ்பூனை என் கையில் திணித்து, "ம், ஆகட்டும்" என்றாள்.

"என்ன பண்ற நீ?" என்றார் மேட்ரன்.

"அவுங்களே சாப்பிடட்டும், மேடம்."

"அவளுக்குக் கை வராதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"எவ்வளவு வராதுன்னு பாக்கணும்ல, மேடம்."

மேட்ரன் அம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். கஞ்சி போட்ட தொப்பி, கஞ்சி போட்ட சேலை, குரலுக்கும் கஞ்சி போட்டிருப்பாரோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நர்ஸ் என்பவள் நோயாளிக்குத் தாய் மாதிரி என்று வாரம் ஒருமுறை பிரசங்கம் செய்வார். அன்று அவளுக்கு மதிப்பெண் சுழி. "தாய்னா எந்நேரமும் ஊட்டிக்கிட்டேவா இருப்பா?" என்று அவள் வெளியே வந்து என்னிடம் கேட்டாள். எனக்கு அடுத்த வேளைக்கு இட்லியா உப்புமாவா என்பதுதான் கவலை.

வார்டுக்குப் போன பிறகு ரகளை கூடியது. மாவுக்கட்டு போட்ட ஒரு அம்மாளுக்கு நாத்தனார் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். இவள் போய்ச் சீப்பைப் பிடுங்கி, உடையாத கையில் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் ஒரு பக்கம் வகிடும் இன்னொரு பக்கம் பரட்டையுமாக மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் ஒற்றைக் கையாலேயே பின்னலை வாயில் கவ்விப் பின்னிக் காட்டினார். ஆனால் புகார் முதல் நாளே போய்விட்டது: "அந்த மேட்டுக்காரப் புள்ளைக்கி ஒடம்பு வணங்கல. நோயாளிகிட்டயே சோலி வாங்குது." மேட்ரன் கூப்பிட்டுக் கிழித்தார். அவள் நின்று கேட்டுவிட்டு, வெளியே வந்து, "மதி, இன்னிக்கு இவ்வளவு மதி" என்றாள். போதும் என்பதை மதி என்றுதான் சொல்வாள்; மேலே தோட்டத்தில் பாதி மலையாளம்.

ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்கப்பா ஏலக்காட்டுச் சரிவுல வழுக்கி விழுந்து இடுப்ப முறிச்சுக்கிட்டாரு. எலும்பு கூடிருச்சு. ஆனா நாங்க விடலடி. அம்மா ஊட்டிவிட்டுச்சு, நான் முகம் கழுவிவிட்டேன், அண்ணன் தூக்கி வெயில்ல உக்கார வச்சான். அவ்வளவு பாசம். ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்தா, நல்லா இருந்த கையும் விறகாப் போச்சு. ஒரு டம்ளரத் தூக்கத் தெரியல அவருக்கு. நாங்கதான்டி கொன்னோம்."

அவள் உதறிய துணியின் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் வருடம் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வந்து படுத்தார். ஐம்பது வயசு இருக்கும். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் பேசமாட்டார். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பார். பெரிய டாக்டர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிப் பழகச் சொன்னார். தரகர் அதை இடது கையால் எடுத்து வராந்தாவில் வீசிவிட்டு, "நான் என்ன கைப்பிள்ளையா?" என்றார். ஒரு மாசத்தில் அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான். அவர் மனைவி சோறு ஊட்டி, முகம் துடைத்து, ஈ ஓட்டி, அப்படித் தாங்கினார். அதைப் பார்க்கப் பார்க்க நம்மாளுக்குக் கை நமநமவென்று ஊறியிருக்கிறது.

அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள்.

"ஐயாவுக்குக் கையில என்ன சோலி, பெரியம்மா?"

"என்ன ஆத்தா இப்பிடிக் கேட்டுப்புட்ட! கையிலதான் பொழப்பே. இவரு துண்டுக்குள்ள கைய விட்டாருன்னா எதிராளிக்கு வேர்த்துப் போகும். இப்ப என் தம்பிகாரன் சந்தைக்குப் போறான். இவரு போனாரு, அவ்வளவுதான்னு சந்தையில பேசிக்கிறாகளாம்."

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்கிறவன் கேட்டுவிடுவானே! இரண்டு பேரும் வலது கையை நீட்டுவார்கள், மேலே ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு விரல் பிடித்தால் நூறு, இரண்டு பிடித்தால் இருநூறு, பிடித்த விரலைப் பாதியில் மடக்கினால் ஐம்பது. முகத்தில் ஒன்றும் தெரியாது. துண்டு மட்டும் ஆடும்.

மறுநாள் மத்தியானம், அவர் மனைவி துணி துவைக்கப் போன நேரம், இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் துண்டையே எடுத்து அவருடைய செத்த கை மேல் போர்த்தி, தன் கையையும் உள்ளே விட்டாள்.

"ஐயா, மேட்டுல ஒரு எருமை இருக்கு. பேசுவமா?"

அவர் இடது கையை நீட்டி அவளைத் தள்ளப் பார்த்தார்.

"எடது கையிலயா யாவாரம் பேசுவீக?" என்றாள்.

அது போதும், மனுசருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எவன் பேசுவான் எடது கையில?" என்று சீறினார். சீறிய சூட்டில், "கண்ணால பாக்காத மாட்டுக்கு நான் விலை பேசுறதில்ல" என்றும் சொல்லிவிட்டார்.

சன்னலுக்கு வெளியே புங்க மரத்தடியில் ஒரு பசு அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வளாகத்தில் வேறு யாரும் மாடு வைத்துக்கொள்ள முடியுமா? மேட்ரன் அம்மாவுடையது. ஒரு வேளைக்கு நாலு லிட்டர் கறக்கும் என்று மேட்ரன் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். ஒரு மாசமாக அந்த மனுசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தது அந்தப் பசுவைத்தான்.

"அப்ப இத முடிப்போம்" என்று அவருடைய ஒரு விரலைப் பிடித்தாள். நூறு.

"நூறு ரூவாயா! ஏ புள்ள, அது பசுவா ஆட்டுக்குட்டியா?"

"அப்பிடியா? சரி" என்று அந்த விரலையும் பாதியில் மடக்கினாள். ஐம்பது.

தரகருக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருசத் தொழிலில் இப்படி ஒரு அவமானம் பட்டிருக்க மாட்டார். துண்டுக்குள்ளே பெருவிரல் லேசாகத் துடித்தது. அவளுக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. பிற்பாடு அவளே சொன்னதுதான் இதெல்லாம்.

அதற்கப்புறம் தினம் மத்தியானம் பேரம்தான். அவள் வேண்டுமென்றே அடிமாட்டு விலைக்குக் கேட்பாள். அவர் ஆத்திரத்தில் விரலைப் பிடிக்கப் பார்ப்பார். ஒரு வாரத்தில் ஒரு விரல் பிடி கிடைத்தது. பத்து நாளில் இரண்டு. இரண்டு வாரம் முடிவதற்குள் மேட்ரன் அம்மாவின் பசு பதினாலு தடவை விலைபோயிருந்தது. அது பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அவள் இதை டாக்டரிடம் சொன்னாளா, மேட்ரனிடம் சொன்னாளா? ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. "அவரே ஒருநாள் காட்டட்டும்" என்று இருந்துவிட்டாள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் பெண்கள் வார்டிலிருந்து ஏதோ மருந்து வாங்க அந்தப் பக்கம் போனேன். கதவு வழியே பார்த்தால், இவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், கட்டிலில் அந்த ஆள், இரண்டு பேர் கையும் ஒரே துண்டுக்குள். அவர் சிரிக்கிறார், இவளும் சிரிக்கிறாள். அது என்னவென்று எனக்குப் பார்த்த உடனே தெரியும். என் அப்பாவே சந்தையில் துண்டு போட்டு மாடு பிடித்தவர். தெரிந்திருந்தும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம மேட்டுக்காரிக்கு மாப்ளே அமைஞ்சாச்சுடி! துண்டுக்குள்ள கையப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வாங்குவது என்றால் எனக்கு உயிர். துண்டு எதற்கு என்பதை மட்டும் சொல்லவில்லை; சொன்னால் பிறகு எதற்குச் சிரிப்பார்கள்?

அது விடுதியைத் தாண்டி, மறுநாள் காலையில் மேட்ரன் அம்மாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மேட்ரனுக்கு மாட்டுச் சந்தை தெரியாது. ஆண் நோயாளியின் கையைப் பயிற்சி நர்ஸ் ஒருத்தி துண்டுக்குள்ளே பிடித்துக்கொண்டிருந்தாள்; அது மட்டும்தான் தெரியும். மத்தியானம் அவரே போய் மறைந்து நின்று கண்ணாலும் பார்த்துவிட்டார். அவளைப் பள்ளியிலிருந்து நீக்குவதாக அவளுடைய அம்மாவுக்குக் கடிதம் எழுதி, வியாழக்கிழமை காலை பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டதும் மேட்டுக்குப் போகும் ஜீப்பில் கொடுத்துவிடச் சொல்லி வைத்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

"எங்கம்மா எஸ்டேட்டு முழுக்கச் சொல்லி வச்சிருக்கு, எம்மவ வந்து எல்லாத்துக்கும் ஊசி போடுவான்னு" என்றாள் அவள் அன்று சாயங்காலம். "திரும்பிப் போனா அதே காட்டுல அம்மா கூடக் களை பறிக்கணும். அது கூடப் பரவால்ல. அம்மா யாரு முகத்துல முழிக்கும்?"

"துண்டு எதுக்குன்னு மேடத்துகிட்ட சொல்லேன்டி!"

"சொன்னா யாரு மாடுன்னு கேப்பாங்கள்ல?"

நான்தான் கிளப்பிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வேண்டாத நேரத்தில் எல்லாம் வருகிற வாய்.

வியாழக்கிழமை காலை ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் தரகரின் கட்டிலுக்கு வந்ததும் மேட்ரன் கடிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னார். வார்டு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. முதலில் பார்த்தவள் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள்.

"பாத்தியா?" என்றார் மேட்ரன்.

"பாத்தேன், மேடம்."

"கையப் பிடிச்சிருந்தாளா?"

"துண்டு இருந்துச்சு, மேடம். உள்ள தெரியல."

வார்டில் "ஓ" என்று ஒரு சத்தம் எழும்பியது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்ன பதிலைப் பாருங்கள்!

டாக்டர் அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

அவள் தரகரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் படிப்பே போகப் போகிற அந்த நேரத்திலும் அந்த மனுசருக்காக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறாளே, இவளை என்ன செய்வது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

தரகர் மெல்ல நகர்ந்து, தலைமாட்டிலிருந்த துண்டை இடது கையால் எடுத்தார். தன்னுடைய வலது கை மேல் போட்டுக்கொண்டார்.

"டாக்டரய்யா, கையக் குடுங்க."

டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர், சந்தை தெரிந்தவர். சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். துண்டு ஆடியது. டாக்டரின் சிரிப்பு நின்றது.

"யோவ், விடுய்யா. வலிக்குது" என்றார். பிறகு மெதுவாக, "நாலு விரல். அஞ்சாவது மடக்கு. நானூத்தி அம்பதா?"

"அதுக்கு மேல பெறாதுங்க."

"எது பெறாது?"

தரகர் முகவாயால் சன்னலைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பசு நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.

"என் பசுவா?" என்றார் மேட்ரன். குரலில் இருந்த கஞ்சி அத்தனையும் போய்விட்டது. "நானூத்தி அம்பதா? அது நாலு லிட்டர் மாடு!"

"மாசக் கணக்காப் பாக்குறேன், தாயி. ரெண்டரைக்கு மேல கறக்காது. ஆறாவது ஈத்து வேற."

"போன மாசம்தான் எழுநூத்துக்குக் கேட்டாங்க!"

"வாயால சொல்லப்படாது. கைய உள்ள விட்டுச் சொல்லுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. கஞ்சி மொடமொடப்போடு கையைத் துண்டுக்குள்ளே விட்டு, அந்த ஆளின் விரல்களைப் பிடித்து அழுத்தினார். அவர் திருப்பி அழுத்தினார். இவர் தலையை ஆட்டினார். நாங்கள், டாக்டர், முப்பது நோயாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், துண்டு மட்டும் ஆடுகிறது. மேட்ரனுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்ததும் வெடுக்கென்று கையை உருவினார். வார்டு வெடித்தது. நாலு நாள் முன்னே குடலிறக்க ஆபரேஷன் செய்தவர், "சிரிக்க வைக்காதீகய்யா, தையல் பிரிஞ்சிரும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

வாசலில் துணி வாளியோடு நின்ற தரகரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. புருசனின் வலது கையையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்.

"இது எப்பலேர்ந்து நடக்குது?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"பதினாலு பேரம் முடிஞ்சிருக்கு, சார்."

"இதுக்குன்னே தனியா ஒரு படிப்பு இருக்கும்மா, தெரியுமா? ஆக்குபேஷனல் தெரபின்னு பேரு. அவங்கவங்க சோலியக் குடுத்தே அவங்கள எழுப்புறது."

"துண்டப் போட்டுக் கையப் பிடிக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்றார் மேட்ரன். ஆனாலும் டாக்டர் கையிலிருந்த கடிதத்தை அவரே வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அது ஜீப்பு ஏறவில்லை. இந்தப் படிப்பை முடித்துவிட்டு, டாக்டர் கொடுத்த கடிதத்தோடு வெளியூர்க் கல்லூரிக்கு அவள் போனதும், பிழைப்பு பூராவும் அந்த வேலையே செய்ததும் பிந்திய கதை.

அன்று சாயங்காலம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் தாங்காது என்று போய் நின்றேன்.

"நான்தான்டி சொன்னேன். துண்டு எதுக்குன்னு தெரிஞ்சும், சிரிக்கணும்னு சொன்னேன். என்னை ரெண்டு அடி அடிச்சிரு."

"தெரியும்" என்றாள், சோப்பைத் தேய்த்துக்கொண்டே.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கு ராத்திரியே வந்து சொன்னாளுகளே."

"அப்பறம் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல? மூஞ்சியக்கூடக் காட்டல. நான் ரெண்டு நாளா செத்துக்கிட்டிருக்கேன்!"

அவள் ஈரக்கையால் என் இடது கையைத் திருப்பி, முழங்கை மடிப்பைப் பார்த்தாள். முந்தின நாள் பிராக்டிகல் வகுப்பில் ஒருத்திக்கு ஒருத்தி ரத்தம் எடுத்துப் பழகினோம். எனக்கு அவள்தான் எடுத்தாள். நரம்பு கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று மூன்று இடத்தில் குத்தினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பாவம், பிள்ளைக்கு வீட்டுக்குப் போகிற கவலையில் கை நடுங்குகிறது, எல்லாம் என்னால்தான் என்று அழுதுகொண்டே நீட்டினேன். மூன்று இடமும் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தன.

"மொதக் குத்துலயே கெடச்சிருச்சுடி" என்றாள்.